கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்: கணக்கு தப்பினால் ராக்கெட் தப்பாது

ஸ்பேஸ் பாரைத் தட்டியதும் என்ஜினோடு சேர்ந்து பாராசூட்டும் வெளியே வந்து விழுந்தால் விளையாட்டைத் திட்ட வேண்டாம். எந்தப் பாகம் எப்போது இயங்கும் என்று காட்டும் ஸ்டேஜ் வரிசை திரையின் ஓரத்தில் இருக்கும், அதைப் பாருங்கள். பாராசூட் சின்னம் என்ஜினோடு ஒரே கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். அதை இழுத்து எல்லாவற்றுக்கும் மேலே போட்டால் சரியாகிவிடும். ராக்கெட் கட்டிப் பறக்கவிடும் கணினி விளையாட்டான கெர்பல் ஸ்பேஸ் புரோகிராமின் குணம் இந்த ஒரு இடத்திலேயே தெரிந்துவிடுகிறது. நீங்கள் கட்டியதை அப்படியே இயற்பியலிடம் ஒப்படைக்கும், ஏன் விழுந்தது என்று மட்டும் வாய் திறக்காது.

மெக்சிகோவைச் சேர்ந்த ஸ்குவாட் நிறுவனம் 2011-இல் முதல் பதிப்பைப் பொதுவில் விட்டது. முழுமையான 1.0 பதிப்பு 2015 ஏப்ரலில் வந்தது. 2021 ஜூனில் வந்த 1.12-தான் கடைசிப் பெரிய புதுப்பிப்பு. இந்த விமர்சனம் அந்தப் பதிப்பைப் பற்றியது. பச்சை நிறக் குட்டி மனிதர்களைப் பார்த்து, சின்னப் பிள்ளைகளுக்கான விளையாட்டு என்று நினைத்துவிடக் கூடாது. அடியில் ஓடுவது, எரிபொருளையும் எடையையும் வைத்து எவ்வளவு வேகம் கிடைக்கும் என்று சொல்லும் சியால்கோவ்ஸ்கியின் ராக்கெட் சமன்பாடு.

ஒரு சலுகை மட்டும் தந்திருக்கிறார்கள். ராக்கெட் கிளம்பும் கெர்பின் கிரகத்தின் ஆரம் 600 கி.மீ., பூமியின் ஆரத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. ஈர்ப்பு பூமியின் அளவேதான், வளிமண்டலம் 70 கி.மீ.-இல் முடிந்துவிடும். அதனால் சுற்றுப்பாதையை எட்டச் சுமார் 3,400 மீ/வி டெல்ட்டா-வி, அதாவது ராக்கெட் தன் வேகத்தில் செய்யக்கூடிய மொத்த மாற்றம், போதும். நிஜ பூமியில் 9,000-க்கு மேல் வேண்டியிருக்கும். இந்தச் சலுகை இல்லையென்றால் பாதிப் பேர் முதல் வாரத்திலேயே விளையாட்டை மூடிவிட்டுப் போயிருப்பார்கள்.

கட்டுவதில்தான் இந்த விளையாட்டின் உயிர். ஒரு சின்ன ராக்கெட்டை எடுத்துக்கொள்வோம். உச்சியில் எம்கே1 கேப்சூல், பாராசூட், வெப்பக் கவசம், ஸ்டேஜ்களைப் பிரித்துவிடும் டிகப்ளர். அதற்குக் கீழே ஒரு எஃப்எல்-டி400 டேங்க், டெரியர் என்ஜின். இதுவரை எடை ஏறக்குறைய 4 டன். இன்னொரு டிகப்ளர் வைத்து, அதன் கீழே எஃப்எல்-டி800 ஒன்று, டி400 ஒன்று, ஸ்விவல் என்ஜின், நான்கு சிறிய துடுப்புகள். மொத்தம் 12 டன்னைச் சற்றுத் தாண்டும். வெற்றிடக் கணக்கில் மேல் ஸ்டேஜ் 2,300 மீ/வி, கீழ் ஸ்டேஜ் 2,080 மீ/வி தருகிறது. கூட்டினால் 4,400-ஐ ஒட்டி வரும். சுற்றுப்பாதைக்கு 3,400, அங்கிருந்து முன் என்ற நிலவுக்கு 860. நிலவைச் சுற்றிக்கொண்டு வீடு திரும்பச் சரியாகப் போதும். ஏறும்போது கொஞ்சம் கோணல்மாணலாக ஓட்டினால் கையில் ஒன்றும் மிஞ்சாது.

சரி, எரிபொருள் போதவில்லை என்று மேல் ஸ்டேஜில் இன்னொரு டி400 வைத்தால்? அந்த ஸ்டேஜின் டெல்ட்டா-வி 3,400-க்கு ஏறுகிறது. எரிபொருள் இரட்டிப்பானாலும் வேகம் இரட்டிப்பாகவில்லை. கூடவே கீழ் ஸ்டேஜ் இந்தக் கூடுதல் 2.25 டன்னையும் தூக்க வேண்டியிருப்பதால் அதன் கணக்கு 1,660-க்கு இறங்குகிறது. நிகர லாபம் 700-கூட இல்லை. உந்துவிசைக்கும் எடைக்குமான விகிதமும் ஏவுதளத்தில் 1.38-இலிருந்து 1.17-க்கு விழுகிறது, ராக்கெட் தளத்தை விட்டு எழும்பவே முனகும். 1.3-க்கும் 1.5-க்கும் இடையில் வைத்துக்கொள்வது நல்லது. அதற்கு மேல் போனால் அடர்ந்த காற்றில் வேகமெடுத்து எரிபொருளை வீணடிப்பீர்கள்.

இந்த எண்களை இப்போது விளையாட்டே ஸ்டேஜ் வாரியாகக் காட்டுகிறது. ஆனால் கடல்மட்டம், வெற்றிடம் என்று மாற்றிப் பார்க்கும் பொத்தானைப் பலர் கவனிப்பதில்லை. டெரியர் வெற்றிடத்தில் 60 கிலோநியூட்டன் தள்ளும், கடல்மட்டத்தில் 15-கூடத் தேறாது. அதை முதல் ஸ்டேஜில் வைத்துவிட்டு, என்ஜின் எரிகிறது, ராக்கெட் நகரவில்லையே என்று குழம்புகிறவர்கள் பார்த்தது வெற்றிட எண்ணை.

அடுத்த பெரிய தலைவலி, பத்தாயிரம் மீட்டருக்குள்ளேயே ராக்கெட் குட்டிக்கரணம் அடிப்பது. மேலே அகலமான சுமையும் கீழே துடுப்பில்லாத குழாயும் இருந்தால், காற்று தள்ளும் மையம் எடை மையத்துக்கு முன்னால் போய்விடும். இறகை மூக்கில் கட்டி எறிந்த அம்பு வாலை முன்னால் திருப்பிக்கொள்ளப் பார்க்கிற கதைதான். கட்டும் கூடத்தில் இரண்டு மையங்களையும் காட்டும் பொத்தான்கள் உண்டு. நீலக் குண்டு மஞ்சள் குண்டுக்குக் கீழே இருக்க வேண்டும். துடுப்புகளை அடியோடு அடியாக ஒட்டுங்கள், அகலமான சுமையை மூக்குக் கூண்டுக்குள் அடையுங்கள். இன்னொரு காரணம் ஓட்டும் விதம். நேராக 20 கி.மீ. ஏறிவிட்டுத் திடீரென்று கிழக்கே சாய்த்தால் எந்த ராக்கெட்டும் தாங்காது. வேகம் 70, 80 மீ/வி ஆனதும் ஐந்து பாகை கிழக்கே சாய்த்துவிடுங்கள். பிறகு மூக்கு, திசை காட்டும் உருண்டையான நேவ்பாலில் தெரியும் வேகக் குறியோடு ஒட்டிப் போகட்டும். 10 கி.மீ. உயரத்தில் 45 பாகையில் இருந்தால் சரியான பாதை. உச்சப் புள்ளி 80 கி.மீ. தொட்டதும் எக்ஸ் கீயால் என்ஜினை அணைத்துவிட்டு, அந்த உச்சியை நெருங்கும்போது கிழக்குப் பார்த்து மறுபடி எரித்தால் வட்டம் முழுமையாகும். வேகம் 2,280 மீ/வி-யை ஒட்டி நிற்கும்.

நிலவுக்குப் போவது இதைவிட எளிது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். முன் நிலவு அடிவானத்தில் தலைகாட்டும்போது போகும் திசையிலேயே எரித்தால் போதும். இறங்குவதுதான் சோதனை. உயரமானி சாதாரணமாகக் காட்டுவது கடல்மட்டத்திலிருந்து, முன் நிலவில் மலைகள் 7 கி.மீ. வரை எழும்பும். 3,000 மீட்டர் இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பவரின் காலடியிலேயே தரை இருக்கலாம். மானியின் பக்கத்தில் உள்ள சின்னப் பொத்தானைத் தட்டித் தரையிலிருந்து உயரம் காட்டச் சொல்லுங்கள். நேவ்பால் தரை வேகத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். கீழ்நோக்கிய வேகத்தைவிடப் பக்கவாட்டு வேகமே அதிகம் கவிழ்க்கிறது, உயரமான ஒல்லி வண்டிகள் அதனால்தான் சரிகின்றன. கால்களை அகல வைத்து, 3 மீ/வி-க்குக் குறைவாக இறங்குங்கள். அதற்கு முன் எஃப்5 அழுத்திச் சேமிப்பது மானக்கேடு ஒன்றும் இல்லை.

இரண்டு கலங்களை இணைக்கும் கலைக்கு மட்டும் விளையாட்டின் பயிற்சிப் பாடங்கள் போதவே போதாது. முன்னால் போகும் கலத்தைப் பிடிக்க அதன் பக்கம் மூக்கைத் திருப்பி வேகமெடுத்தால் பாதை உயர்ந்து இன்னும் பின்தங்குவீர்கள். வேகத்தைக் குறைத்துத் தாழ்ந்த பாதைக்கு வந்தால்தான் சுற்று சுருங்கி எட்டிப் பிடிக்க முடியும். வரைபடத்தில் நெருக்கப் புள்ளிகள் இரண்டு கிலோமீட்டருக்குள் வந்ததும், அங்கே போய் நேவ்பாலை இலக்கு முறைக்கு மாற்றி, ஒப்பு வேகத்தைப் பூஜ்யமாக்குங்கள். கடைசி நூறு மீட்டரில் 1 மீ/வி-க்கு மேல் அவசரம் கூடாது, தொடும்போது 0.2 போதும். சிறு உந்திகளை எடை மையத்திலிருந்து இருபுறமும் சம தூரத்தில் வைக்காவிட்டால், பக்கவாட்டில் நகர்த்த நினைக்கும்போதெல்லாம் கலம் சுழலும். எரிபொருள் தீரத்தீர எடை மையம் இடம் மாறும் என்பதால், காலி டேங்க் நிலையிலும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

குறைகளுக்கு வருவோம். நீளமான ராக்கெட் ரப்பர் குழாய் போல ஆடும். அமைப்புகளில் மேம்பட்ட மாற்றங்களைத் திறந்து, பாகங்களைக் கண்ணுக்குத் தெரியாமல் பிணைக்கும் ஆட்டோஸ்ட்ரட் போட்டால் அடங்கும். எல்லாவற்றுக்கும் போட்டுத் தள்ளாமல், கனமான பாகத்தோடு பிணைத்தால் போதும். பாகங்கள் சில நூறைத் தாண்டினால் எவ்வளவு நல்ல கிராபிக்ஸ் கார்டு இருந்தாலும் திணறும், ஏனென்றால் ஒரு கலத்தின் இயற்பியல் கணக்கு பிராசஸரின் ஒரே கோரில்தான் ஓடுகிறது. இடது மேல் மூலையில் கடிகாரம் பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாறினால், விளையாட்டு நேரம் நிஜ நேரத்தைவிட மெதுவாக ஓடுகிறது என்று பொருள். ஈர்ப்பிலும் ஒரு சுருக்கு வழி உண்டு. ஒரு நேரத்தில் ஒரு கோளின் ஈர்ப்பு மட்டுமே கலத்தை இழுக்கும், ஆகவே இரண்டு கோள்களின் ஈர்ப்பு சேர்ந்து உருவாக்கும் லாக்ராஞ்சுப் புள்ளிகள் இங்கே கிடையாது. அவை வேண்டுமென்றால் பிரின்சிபியா என்ற மோட் (விளையாட்டில் வெளியார் சேர்க்கும் கூடுதல் நிரல்) இருக்கிறது, கணினிக்குச் சுமைதான்.

புதிதாக வருபவர்கள், பணமும் ஒப்பந்தங்களும் உள்ள கேரியர் முறையைத் தொடாமல், ஆய்வுப் புள்ளிகளால் பாகங்களைத் திறக்கும் சயின்ஸ் முறையில் தொடங்கலாம். கேரியரில் பயணத் திட்டக் குறிகளே கட்டடங்களை மேம்படுத்தும் வரை பூட்டிக் கிடக்கும், ஒப்பந்தங்களோ ஏதோ ஒரு உயரத்தில் ஏதோ ஒரு பாகத்தைச் சோதிக்கச் சொல்லி அறுக்கும். கூடுதல் தொகுப்புகளில் 2019-இல் வந்த பிரேக்கிங் கிரவுண்ட், கீல்களும் மோட்டார்களும் தருவதால் ரோவர் பிரியர்களுக்கு உதவும். 2018-இன் மேக்கிங் ஹிஸ்டரி இல்லாமலும் காலம் தள்ளலாம். மோட்களை நிறுவ சிகேஏஎன் செயலி கைவசம் இருக்கட்டும், பதிப்புப் பொருத்தத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். தானே ஓட்டித் தரும் மெக்ஜெப்பை, ஐந்தாறு முறை கையால் சுற்றுப்பாதை எட்டிய பிறகு போடுங்கள்.

இரண்டாம் பாகம் 2023 பிப்ரவரியில் முழுமை பெறாத முன்பதிப்பாக வெளியானது, 2024 ஜூனுக்குப் பிறகு அதற்குப் புதுப்பிப்பு எதுவும் வரவில்லை. படம் அழகு, உள்ளே பாதி இல்லை. தள்ளுபடியில் கண்ணில் பட்டாலும் கடந்து போய், முதல் பாகத்தின் 1.12-ஐயே வாங்குங்கள்.