நனைந்த ரிவால்வர்: டபிள்யூடி-40ஆ, ஹேர் டிரையரா?

எதுவானாலும் முதலில் தோட்டாக்களை எடுத்துவிட்டு, சிலிண்டர் அறைகளை இருமுறை பாருங்கள். பிடிக்கட்டைகளைக் கழற்றுங்கள். கடல்நீர் என்றால் நல்ல தண்ணீரில் அலசாமல் எதுவும் பலிக்காது.

வேகம்: டபிள்யூடி-40 என்பது ஈரத்தை விரட்டும் எண்ணெய் ஸ்பிரே, தண்ணீரை உடனே தள்ளும். டிரையருக்குப் பொறுமை வேண்டும்.

சந்துபொந்து: துரு ஒளிந்திருந்து பிடிப்பது எஜெக்டர் நட்சத்திரத்தின் (சிலிண்டரின் பின்னால் காலித் தோட்டாக்களை வெளியே தள்ளும் பாகம்) அடியிலும் பக்கத் தகட்டின் (உள் இயந்திரத்தை மூடும் தகடு) உள்ளேயும். ஸ்பிரே குழாய் நட்சத்திரத்தடி வரை போகும். சூடான காற்று ஈரத்தை ஆவியாக்கும். ஆனால் இரும்பு வெறுமையாக நிற்கும், எண்ணெய் போட்டே ஆக வேண்டும்.

பின்விளைவு: துடைக்காமல் விட்ட ஸ்பிரே நாளடைவில் பிசுபிசுத்து ட்ரிகரைக் கனமாக்கும், தோட்டாவில் பட்டால் பிரைமர் (தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பகுதி) கெடலாம். டிரையர் சூடு, கழற்றாமல் விட்ட மரப்பிடியில் விரிசல் விழவைக்கலாம்.

மழையில் நனைந்தது, வீடு தூரம் என்றால் ஸ்பிரே. ஆற்றில் விழுந்ததென்றால் பக்கத் தகட்டைத் திறந்து டிரையர், பிறகு துப்பாக்கி எண்ணெய். தகட்டை நெம்பாதீர்கள், விளிம்பு நசுங்கும். திருகுகளைக் கழற்றி, பிடிக்கட்டைகள் இருந்த சட்டத்தை ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தட்டினால் தானே எழும்பும்.