டிசைன் திங்கிங்: பழக்கமா, செய்முறையா? எதை வைத்து அளப்பது?

'டிசைன் திங்கிங்' என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு விஷயங்கள் புழங்குகின்றன. வடிவமைப்பாளர்கள் ஒரு சிக்கலை எப்படி யோசிக்கிறார்கள் என்ற ஆய்வு ஒன்று. யாரும் கற்றுக்கொள்ளலாம் என்று சொல்லித்தரப்படும் செய்முறை இன்னொன்று. எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெளியாமல் 'இதனால் பலன் உண்டா?' என்று கேட்பதில்தான் குழப்பமே தொடங்குகிறது.

முதலாவதுதான் மூத்தது. வடிவமைப்பு ஆய்வாளர் பிரையன் லாசன் கட்டடக்கலை மாணவர்களுக்கும் அறிவியல் மாணவர்களுக்கும் வண்ணக் கட்டைகளைக் கொடுத்து, மறைந்திருக்கும் ஒரு விதிக்கு உட்பட்டு அடுக்கச் சொன்னார். அறிவியல் மாணவர்கள் அந்த விதியைக் கண்டுபிடிக்க முயன்றார்கள். கட்டடக்கலை மாணவர்களோ நல்லதாகத் தோன்றிய அடுக்கை வைத்துப் பார்த்து, சரிவராவிட்டால் அடுத்ததற்குப் போனார்கள். படிப்பைத் தொடங்காத இளையவர்களிடம் இந்த வேறுபாடு அவ்வளவு தெரியவில்லை. அதாவது, இது பல ஆண்டுப் பயிற்சியில் ஊறி வரும் பழக்கம். இன்னொரு வடிவமைப்பு ஆய்வாளர் நைஜல் கிராஸ் 1982-இல் இன்னும் ஒரு படி போய், அறிவியலுக்கும் கலைக்கும் அப்பால் இது தனி அறிவு முறை என்று வாதிட்டார்.

இரண்டாவது, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் வடிவமைப்புப் பயிலகமான டி.ஸ்கூலின் ஐந்து படிகள்: பயனரைப் புரிந்துகொள், சிக்கலை வரையறு, யோசனைகளைத் திரட்டு, மாதிரி செய், சோதித்துப் பார். ஐடியோ என்ற வடிவமைப்பு நிறுவனத்தின் டிம் பிரவுன் 2008-இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் எழுதிய கட்டுரை நிர்வாக உலகில் இதைப் பரப்பியதில் பெரும் பங்கு வகித்தது. இதன் பலம் எளிமை. ஆனால் பல ஆண்டில் வரும் பழக்கத்தை இரண்டு நாள் வொர்க்‌ஷாப் தந்துவிடும் என்று நான் நம்பவில்லை.

சரி, அளப்பது எப்படி? படிகளைச் செய்தார்களா என்று எண்ணுவது சுலபம். சுவர் நிறைய ஸ்டிக்கி நோட் இருக்கும், யோசித்தார்களா என்பது மட்டும் தெரியாது. இறுதி விளைவை அளக்கலாம் என்றால் வேறு தொல்லை. திட்டமிடல் அறிஞர்கள் ரிட்டலும் வெப்பரும் 1973-இலேயே சொன்னதுபோல, சமூகத்தின் அடங்காத சிக்கல்களில் ஒவ்வொரு முயற்சியும் நிலைமையையே மாற்றிவிடும்; அழித்துவிட்டு மறுபடி தொடங்க முடியாது. வேறு வழியில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எப்படி ஒப்பிடுவது?

படைப்பாற்றலை அளக்க உளவியலாளர் தெரேசா அமபைல் 1982-இல் முன்வைத்த முறை எனக்குப் பிடிக்கும். படைப்பாற்றல் என்றால் என்ன என்று வரையறை எதுவும் தராமல், துறை அறிந்த பலரைப் படைப்புகளைத் தனித்தனியாக மதிப்பிடச் சொல்லி, அவர்கள் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று பார்ப்பது. வரையறைச் சண்டையை இது அழகாகத் தாண்டிவிடுகிறது. ஆனால் அளப்பது படைப்பை, அதற்குப் பின்னால் உள்ள சிந்தனையை அல்ல.

என் தேர்வு வேறு: தொடக்கத்தில் எழுதிய கேள்வியையும் முடிவில் இருக்கும் கேள்வியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். 'மாத்திரை போட மறப்பவர்களுக்கு எப்படி நினைவூட்டுவது?' என்று ஒரு குழு தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். நோயாளிகளோடு உட்கார்ந்து பேசியபின், பலர் மறக்கவில்லை, உடம்பு தேறியதும் தாங்களாகவே நிறுத்திவிட்டார்கள் என்று தெரிகிறது. கேள்வி மாறிவிட்டது. எந்தப் பேச்சால், எந்த மாதிரியால் மாறியது என்று அந்தக் குழுவால் காட்ட முடிந்தால், அங்கே சிந்தனை நடந்திருக்கிறது என்று ஒப்புக்கொள்வேன். அவர்கள் ஐந்து படிகளையும் வரிசையாகத் தாண்டினார்களா என்று கேட்கமாட்டேன்.