பழைய வழக்கோடு குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோது: ஒரு வழக்கறிஞரின் சேவை

அமெரிக்கக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க நினைத்தபோதெல்லாம், 12 ஆண்டுகளுக்கு முன் கடையில் பணம் கட்டாமல் பொருள் எடுத்ததாக என்மீது பதிவாகி, பின்னர் தள்ளுபடியான வழக்கு என்னைத் தயங்க வைத்தது. முதலில் நான் போன, படிவம் நிரப்பித் தரும் நிலையத்தில், "தள்ளுபடியான வழக்குதானே, இல்லை என்றே குறித்துவிடுவோம்" என்றார்கள். அது எவ்வளவு ஆபத்தான யோசனை என்பது, பிறகு நாடிய குடிவரவு வழக்கறிஞரிடம்தான் தெரிந்தது. குடியுரிமைக்கான விண்ணப்பமான என்-400 படிவம் தண்டனையை மட்டும் கேட்பதில்லை. கைதானதுண்டா என்றும் கேட்கிறது. பதிவே நீக்கப்பட்டிருந்தாலும் மறைக்கக் கூடாது. கைரேகைச் சோதனையில் பழைய கைது வெளிப்பட்டால், பொய் சொன்னதே தனிக் காரணமாகி விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம்.

இந்த வழக்கறிஞர் முதல் சந்திப்பில் படிவத்தைக் கையில் எடுக்கவே இல்லை. நீதிமன்றத்தின் சான்றிட்ட நகலை வாங்கி வரச் சொன்னார். முத்திரையிட்ட அந்தத் தாள்களை வரி வரியாகப் படித்து, ஓரிடத்தில் பென்சில் முனையை வைத்து நிறுத்தி, "நீதிபதியிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டீர்களா?" என்று கேட்டார். சமூக சேவையை முடித்த பின் வழக்கு தள்ளுபடியானாலும், அதற்கு முன் குற்றத்தை ஒப்புக்கொண்டு, நீதிபதியும் ஏதேனும் தண்டனையோ கட்டுப்பாடோ விதித்திருந்தால், குடிவரவுச் சட்டம் அதைக் குற்றத்தீர்ப்பாகவே கொள்ளும் என்றும், அப்படிப்பட்ட சிலருக்கு விண்ணப்பமே நாடுகடத்தல் விசாரணையில் கொண்டுபோய் விடக்கூடும் என்றும் பொறுமையாக விளக்கினார். என் நகலில் அப்படி ஒப்புதல் எதுவும் இல்லை என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

குடியுரிமைக்குத் தேவையான நன்னடத்தைக்குப் பொதுவாகக் கடைசி 5 ஆண்டுகளைப் பார்ப்பார்கள் என்றாலும், அதற்கு முந்தையதையும் அதிகாரி கணக்கில் எடுக்கலாம் என்பதால், நடந்ததைச் சுருக்கமாக எழுதி நகலுடன் இணைக்க வைத்தார். நேர்காணலில் சத்தியப் பிரமாணத்துக்குப் பின் அதிகாரி அதைப் பற்றிக் கேட்டபோது, எழுதியதையே சொன்னேன். மேற்கொண்டு கேள்வி எழவில்லை.

குறை என்றால், தொலைபேசியில் அழைத்தால் பதில் வர இரண்டு மூன்று நாள் ஆகிறது. காத்திருப்பவருக்கு அது பெரிய வேதனை. கட்டணமும் சற்று அதிகம்தான். ஆனால் கைது ஏதும் இல்லாத என் நண்பரை, "நீங்களே நிரப்பிக்கொள்ளலாம், நான் தேவையில்லை" என்று பணம் வாங்காமலே திருப்பி அனுப்பினார்.