பாலக்காட்டு பில்லியர்ட்ஸ் பார்லர்: நாற்காலிக்கு முழு மதிப்பெண், தியான வகுப்புக்கு இல்லை

பாலக்காட்டிலிருந்து வாளையாறு நோக்கிச் செல்லும் சாலையில், ஒரு டயர் கடையின் மாடியில் இயங்கும், பூல் (pool) என்ற பில்லியர்ட்ஸ் வகை ஆட்டத்துக்கான பார்லரைப் பற்றிய மதிப்பீடு இது. குறைகளையும் சொல்லப்போவதால் பெயரைக் குறிப்பிடவில்லை. சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து ஆட வருகிறவர்களுக்கு இடம் தெரியும். பொழுதுபோக்காக ஆடுவதற்கு இதைவிட மலிவான இடங்கள் உண்டு. போட்டியில் பதறாமல் ஆடப் பழக வேண்டும் என்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

இங்குள்ள மூன்று மேசைகளும் ஒன்பது அடி மேசைகள், அதாவது ஆடுபரப்பு 100 அங்குல நீளமும் 50 அங்குல அகலமும் கொண்டவை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றைப் பற்றி இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: மார்கழியில் வறண்ட கீழைக்காற்று வீசும்போது மேசைத் துணியில் பந்து வழுக்கிக்கொண்டு ஓடும், ஆனி, ஆடி மழையில் ஈரம் ஏறிய அதே துணியில், அதே வேகத்தில் அடித்த பந்து பாதி வழியில் சோர்ந்து நின்றுவிடும். கோலால் நேரடியாக அடிக்கும் வெள்ளைப் பந்து நினைத்த இடத்துக்கு வராதபோது ஆட்டக்காரர் துணியைச் சந்தேகிப்பதில்லை, தன் கையைத்தான் சந்தேகிக்கிறார்; அடுத்த ஷாட்டை வேண்டுமென்றே ஓங்கி அடிக்கிறார்; அங்கேயே நிதானம் கலைகிறது. இதை உணர்ந்த உரிமையாளர், போட்டி நாளில் ஆட்டம் தொடங்குவதற்கு வெகுநேரம் முன்பே குளிர்சாதனத்தை ஓடவிட்டு, பந்துகளையும் துணியையும் துடைத்து வைத்துவிடுகிறார். தன் கையை நம்பி ஆட அதுவே பாதித் துணை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நடைபெறும் நைன்-பால் போட்டிதான் இந்த இடத்தின் சிறப்பு. ஒன்று முதல் ஒன்பது வரை எண்ணிட்ட பந்துகளில், ஒன்பதாம் பந்தை முறைப்படி குழியில் போடுபவர் அந்தச் சுற்றை வெல்வார். ஒவ்வொரு ஷாட்டிலும் மேசையில் உள்ள மிகச் சிறிய எண் கொண்ட பந்தைத்தான் வெள்ளைப் பந்து முதலில் தொட வேண்டும். விதியை மீறித் தவறு (ஃபவுல்) செய்தால் எதிராளி வெள்ளைப் பந்தை விரும்பிய இடத்தில் வைத்து ஆடலாம். தொடர்ந்து மூன்று முறை தவறு செய்தால் அந்தச் சுற்றே போய்விடும். இங்கே ஒரு ஷாட்டுக்கு 30 விநாடி என்ற கடிகாரமும் உண்டு. ஆக, ஒரு பந்தைக் குழியில் போடத் தவறியவர் தன் முறையை இழந்து நாற்காலிக்குப் போய், எதிராளி மேசையைக் காலி செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். கிரிக்கெட்டில் ஆட்டமிழந்தவர் உடைமாற்றும் அறைக்குப் போய்விடலாம். இங்கே தோல்வி நெருங்குவதை முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, அழைப்பு வந்ததும் குளிர்ந்த கையோடு எழுந்து ஆட வேண்டும்.

பெரும்பாலான பார்லர்கள் அலட்சியம் செய்யும் அந்த நாற்காலியை இவர்கள் கவனித்திருக்கிறார்கள். மேசையிலிருந்து சில அடி தள்ளி, முதுகு நிமிர்ந்து உட்காரும்படியான நாற்காலி, தண்ணீருக்கும், ஆடும் கோலான க்யூவின் நுனியில் தேய்க்கும் சாக்பீஸுக்கும் ஒரு முக்காலி, அவ்வளவுதான். உட்கார்ந்திருப்பவர் கைப்பேசியைத் தொடக்கூடாது. நண்பர்கள் கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம்தான் நிற்க வேண்டும். “விடு மச்சான், அடுத்தது பார்த்துக்கலாம்” என்ற ஆறுதல்கூட அனுமதிக்கப்படுவதில்லை. முதலில் இது கெடுபிடியாகத் தோன்றினாலும், எதிராளியின் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு அன்றைக்குத் துணி எப்படி ஓடுகிறது, மேசை விளிம்பிலுள்ள குஷன் பந்தை எவ்வளவு திருப்பி அனுப்புகிறது என்று கவனிக்கத் தொடங்கியதும் அதன் பயன் விளங்கிவிடும்.

பயிற்சியாளர் ஸ்னூக்கரிலிருந்து வந்தவர். குழி இறுக்கமான பன்னிரண்டடி மேசையில் வளர்ந்தவர்களுக்கே உரிய பொறுமை அவரிடம் உண்டு. முடிவை நின்றுகொண்டு எடுங்கள், குனிந்த பிறகு யோசிக்காதீர்கள். சந்தேகம் வந்தால் நிமிர்ந்துவிடுங்கள் என்பதே அவர் ஓயாமல் சொல்வது. கடைசிப் பார்வையை இலக்குப் பந்தின் மீது ஒரு கணம் அசையாமல் நிறுத்தச் சொல்கிறார். இது வெறும் அனுபவப் பேச்சு அன்று: தேர்ந்த பில்லியர்ட்ஸ் ஆட்டக்காரர்களின் இறுதிப் பார்வை மற்றவர்களைவிட நீண்ட நேரம் நிலைத்திருப்பதை 2002-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. கைநடுக்கத்துக்கு மாத்திரை உண்டா என்று கேட்கும் பையன்களிடம் அவர் கண்டிப்பாகப் பேசுவதும் சரியே. இதயத்துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மருந்துகளை, பில்லியர்ட்ஸ் வகை ஆட்டங்கள் அனைத்திலும் போட்டியின்போது பயன்படுத்தக் கூடாது என்று உலக ஊக்கமருந்து தடுப்பு முகமை தடை செய்துள்ளது.

இவ்வளவு நல்ல ஏற்பாடு இருக்கும்போது, தனிக் கட்டணம் வாங்கிக்கொண்டு காலையில் நடத்தும் ‘மன ஒருமைப்பாட்டு வகுப்பு’ எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. வெளியிலிருந்து வரும் ஒருவர் மெல்லிசையை ஒலிக்கவிட்டு, கண்ணை மூடச் சொல்கிறார். க்யூவைத் தொடுவதே இல்லை. அமைதியான அறையில் அமைதியாக இருப்பது யாருக்கும் எளிது. ஆறுக்கு ஆறு என்று வென்ற சுற்றுகள் சமமாக நிற்கும் நிலையில் ஒன்பதாம் பந்தின் முன் குனியும்போது வரும் படபடப்புக்கு அங்கே இடமே இல்லை. குனிவதற்கு முன் மூச்சை நீளமாக விடும் பழக்கம் ஒன்றுதான் அதில் உருப்படியானது, அதையும் பயிற்சியாளர் மேசையருகிலேயே சொல்லித் தந்துவிடுகிறார்.

மற்றக் குறைகள் சிறியவை. பார்லரின் க்யூக்களில் நுனித்தோல் இறுகித் தட்டையாகிவிட்டதால் பந்தின் மேல் வழுக்குகிறது. சொந்த க்யூ இருந்தால் கொண்டுபோவது நல்லது. மூன்றாம் மேசைக்கு மேலுள்ள விளக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பதால், ஓரக் குஷனை ஒட்டி நிற்கும் பந்தின் விளிம்பு நிழலில் மறைகிறது. போட்டியில் சேர விரும்புவோர் சனிக்கிழமை மாலைக்குள் பெயர் கொடுக்க வேண்டும். அப்போதே அந்த மேசை வேண்டாம் என்று சொல்லிவிட்டால் மறுக்காமல் மாற்றித் தருகிறார்கள்.