வால்வு டிவியை ரிப்பேருக்குக் கொடுக்கும் முன் பின்பக்க அட்டையைக் கழற்றிப் போட்டோ எடுங்கள்

வீட்டில் பழைய வால்வு டிவி (டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய்கள் வைத்த செட்) வைத்திருக்கிறவர்கள், அதுவும் வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கம் இருப்பவர்கள், இதைப் படித்துவிட்டு அப்புறம் மெக்கானிக்கைத் தேடுங்கள். கடைப் பெயரைப் போடவில்லை. என் கையில் பில் இல்லை. பெயரைப் போட்டால் நான்தான் பதில் சொல்லிக்கொண்டு அலைய வேண்டும்.

அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். 1979-இல் வாங்கிய 20 இஞ்ச் கறுப்பு வெள்ளை டிவி, இழுத்து மூடுகிற ஷட்டர் வைத்த மரப்பெட்டி. சென்னையில் தூர்தர்ஷன் 1975-இல்தான் வந்தது என்பதால் ராயபுரத்தில் எங்கள் சந்துக்கே அது ஒன்றுதான். வெள்ளிக்கிழமை பாட்டு நேரத்தில் எங்களுக்கே உட்கார இடம் இருக்காது. தொண்ணூறுகளில் ஒருநாள் போட்டால் உள்ளே ஒரு வால்வுகூட எரியவில்லை. கலர் டிவி வந்த நேரம், இதைப் பரணில் ஏற்றிவிட்டோம். அப்பா போன பிறகு, போன வருஷம் இறக்கினேன்.

பழைய டிவி, ரேடியோவைப் புதுசு போல ஆக்கித் தருவதாக ஒருவர் போட்டிருந்த வீடியோவைப் பார்த்து ஏமாந்தேன். 15,000 பேசி, 8,000 முன்பணம் ஜிபேயில்.

முதல் நாளே எனக்கு உறைத்திருக்க வேண்டும். முப்பது வருஷமாகக் கரண்டே பார்க்காத செட்டை அந்த ஆள் நேராகப் பிளக்கில் சொருகினார். பத்து விநாடிதான். உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம், வெள்ளைப் புகை, காசிமேட்டில் பிறந்தவனே மூக்கைப் பொத்துகிற மாதிரி ஒரு அழுகல் மீன் வாடை. கரண்டைச் சேர்த்து வைக்கிற மெயின் கண்டென்சர் வெடித்திருந்தது. "பாத்தீங்களா சார், செட்டே காலி" என்றார். காலி பண்ணியதே அவர்தான் என்று அப்போது எனக்குத் தெரியாது.

பிறகு நாலு மாசம். ஈஎச்டி (பிக்சர் ட்யூபுக்கு உயர் வோல்டேஜ் கொடுக்கிற டிரான்ஸ்ஃபார்மர்) டில்லியிலிருந்து வரணும், வால்வுக்கு பர்மா பஜாரில் சொல்லி வைத்திருக்கிறேன், மேலே ஒரு 4,000 போடுங்க. நடுவில் கடைப் பையன் வேறு, "சார், இதுல ரெட் மெர்குரி இருக்குமாமே, கோடிக்குப் போகுமாமே" என்று காதைக் கடித்தான். அது சுத்தப் புரளி. வால்வின் உச்சியில் வெள்ளி பூசினாற்போல இருப்பது பேரியம். உள்ளே மிஞ்சுகிற காற்றை உறிஞ்சத்தான் அது. அந்த வெள்ளி பால் வெள்ளையாக மாறியிருந்தால் காற்று புகுந்து வால்வு செத்துவிட்டது என்று அர்த்தம். எங்கள் வால்வுகளில் ஒன்றுகூட அப்படி வெளுத்திருக்கவில்லை.

ஒருவழியாக செட் வீட்டுக்கு வந்தது. மரத்துக்கு வார்னிஷ் எல்லாம் அடித்துப் பளபளவென்று இருந்தது. சுவிட்சைப் போட்டதும் 'கர்ர்' என்று சத்தம் உடனே வந்துவிட்டது. படம் சில விநாடி கழித்து வந்தது. மகள் கைதட்டினாள். எனக்கு மட்டும் என்னவோ இடித்தது. சின்ன வயதில் சுவிட்சைப் போட்டுவிட்டு அரை நிமிஷம் காத்திருப்போம். வால்வு சூடேறி முதலில் சத்தம் வரும், அப்புறம்தான் படம். பின்பக்க ஓட்டைகள் வழியாகச் சுவரில் ஆரஞ்சு வெளிச்சம் விழும், சூடான தூசி வாசனை வரும். இப்போது சுவர் இருட்டாக இருந்தது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு அட்டையைக் கழற்றினேன். பிக்சர் ட்யூப் மட்டும் எங்களுடையது. அப்பாவின் சேசிஸ், அதாவது வால்வுகளையெல்லாம் பொருத்தியிருந்த தகடு, இருந்த இடத்தில், எண்பதுகளின் ஏதோ டிரான்சிஸ்டர் டிவியிலிருந்து பிடுங்கிய போர்டு, எம்-சீலில் ஒட்டியிருந்தது. காயலாங்கடையில் கிலோ கணக்கில் போடுகிற சரக்கு. போன் செய்தால், "படம் வருதுல்ல சார், வேற என்ன வேணும்? பழசெல்லாம் குப்பைக்குப் போயிடுச்சு" என்கிறார்.

குப்பைக்கெல்லாம் போயிருக்காது. பெரம்பூரில் வால்வு செட் காலத்திலிருந்து வேலை பார்க்கும் ஒரு பெரியவரிடம் கேட்டேன். பிசிஎல் 86, பிஎல் 504 மாதிரி வால்வுகளை வால்வு ஆம்பிளிஃபையர் செய்கிறவர்கள் தேடி வாங்குகிறார்களாம். முதலில் இருந்த கோளாறைச் சொன்னதும் சிரித்துவிட்டார். "தம்பி, கோயில் திருவிழா சீரியல் செட் மாதிரிதான். ஹீட்டரெல்லாம் வரிசையா ஒரே கம்பியில. ஒரு வால்வுல இழை அறுந்தா மொத்தமும் அணைஞ்சிரும். எது அறுந்திருக்குன்னு மீட்டர் வெச்சுப் பார்க்க கால் மணி நேரம் போதும்." பழைய கண்டென்சர்களை மாற்றிவிட்டு, 100 வாட் குண்டு பல்பை சீரிஸில் போட்டுத்தான் முதல்தடவை கரண்ட் கொடுப்பாராம், உள்ளே ஷார்ட் இருந்தால் பல்புதான் பிரகாசமாக எரியும், செட்டுக்கு ஒன்றும் ஆகாது. உங்கள் மெக்கானிக்கிடம் அந்தப் பல்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் டிவியைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிடுங்கள்.

கொடுக்கும் முன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அட்டையைக் கழற்றிப் போட்டோ எடுங்கள், கண்ணுக்குத் தெரிகிற வால்வு நம்பர்களை எழுதி வையுங்கள், ஒவ்வொன்றிலும் நெயில் பாலிஷ் பொட்டை உங்கள் கண் முன்னாலேயே மெக்கானிக்கை வைக்கச் சொல்லுங்கள், மாற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள், பில் இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். நீங்களே உள்ளே கைவிட வேண்டாம்: பல வால்வு செட்களில் மெயின்ஸ் கரண்ட் சேசிஸ் தகட்டிலேயே ஓடும், அணைத்த பிறகும் பிக்சர் ட்யூப் ஆயிரக்கணக்கான வோல்ட்டைப் பிடித்து வைத்திருக்கும்.

ஒரு உதவி. அப்பா எந்த வால்வை மாற்றினாலும் தேதியைச் சேசிஸ் தகட்டில் எழுதச் சொல்வார். வலது ஓரத்தில் உப்புக்காற்றில் துருப்பிடித்த மூலைக்குப் பக்கத்தில், நீலப் பெயிண்டில் 14-1-83 என்று இருக்கும். அதற்குக் கீழே இன்னும் இரண்டு தேதிகள். மூர்மார்க்கெட்டிலோ ஏதாவது காயலாங்கடையிலோ கண்ணில் பட்டால் சொல்லுங்கள், கேட்கிற விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.