சாமிக் சேஜ் 62 அங்குல வில்: பல வருஷம் கழித்து வில்லெடுப்பவருக்கு நீலகிரியில் ஒத்துவருமா?

வில்லைப் பரணில் போட்டுவிட்டுப் பல வருஷம் கழித்து மறுபடி எடுக்க நினைக்கும் ஆட்கள் கேட்பது, "எந்த வில் வாங்கலாம்?" முதலில் முடிவு செய்ய வேண்டியது பவுண்ட், அதாவது வில்லை இழுக்கத் தேவையான பலம். கொரிய நிறுவனமான சாமிக்கின் சேஜை நாங்கள் சிபாரிசு செய்வதும் அதனால்தான். மூன்று துண்டாகக் கழலும் (டேக்டவுன்), நுனி முன்னோக்கி வளைந்த (ரீகர்வ்) வில். 25 முதல் 60 பவுண்ட் வரை ஐந்து ஐந்தாக லிம்ப் (கைப்பிடியின் மேலும் கீழும் மாட்டும், வளையும் பகுதி) உண்டு. மரக் கைப்பிடி ஒன்றே போதும், தோள் தேறத் தேற லிம்பை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். போல்ட்டைக் கையாலேயே திருகலாம். கழற்றினால் சாதாரண முதுகுப் பையில் அடங்கும், கோத்தகிரி பஸ்ஸில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

அந்தக் காலத்தில் 50 பவுண்ட் இழுத்தவர் இப்போது 45 போதும் என்று இறங்கி வருவார். அதுவும் அதிகம். 30 பவுண்டில் ஆரம்பியுங்கள். தோளில் பழைய வலி இருந்தால் 25. முழுதாக இழுத்து, விரல் கன்னத்தில் தொட வேண்டிய இடத்தில் நிறுத்தி, பத்து விநாடி நடுக்கமில்லாமல் பிடிக்க முடிந்தால் அந்த லிம்ப் உங்களுக்குச் சரி. முடியாவிட்டால் நாண் கன்னத்துக்கு வருமுன்பே விரல் தானாக விட்டுவிடும். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் கழற்ற மாதக்கணக்காகும்.

லிம்பில் அச்சிட்ட பவுண்ட் 28 அங்குல இழுப்புக்கானது. உங்கள் இழுப்பை அறிய, இரு கையையும் விரித்து நடுவிரல் நுனியிலிருந்து நுனி வரை அளந்து 2.5-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட வந்துவிடும். ஐந்தரை அடி ஆளுக்கு இருபத்தாறு, இருபத்தாறரை அங்குலம். அங்குலம் ஒன்றுக்கு இரண்டு பவுண்ட், சில வில்லில் இரண்டரை குறையும். ஆக 35 என்று போட்ட லிம்ப் அவர் கையில் 31, 32தான். பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசை நாணில் மாட்டி இழுத்துப் பார்த்தால் சந்தேகம் தீரும். 30 பவுண்ட் என்பது 13.6 கிலோ. 29 அங்குலத்துக்கு மேல் இழுக்கும் நெட்டையர்களுக்கு 62 அங்குல வில் கடைசியில் விறைக்கும். அவர்கள் 64-க்கு மேல் பார்ப்பது நல்லது.

பூட்டும்போது நடக்கும் தப்புகள் எல்லாம் பழசுதான். லிம்பின் நுனி வில்லாளிக்கு எதிர்ப்பக்கமாக வளைந்திருக்க வேண்டும். தலைகீழாக நாண் ஏற்றி லிம்பை உடைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பொதுவாகப் பவுண்ட் அச்சிட்ட லிம்ப் கீழே வரும். காலுக்கிடையில் வில்லை நுழைத்து வளைத்து நாண் ஏற்றும் பழைய பழக்கத்தை விட்டுவிடுங்கள். லிம்ப் ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டால் திருத்துவது பெரும்பாடு. நாண் ஏற்றும் கயிறு விலை குறைந்த சாமான், அதைத் தவிர்க்காதீர்கள். அம்பு இல்லாமல் நாணை இழுத்து விடவே கூடாது. அம்புக்குப் போக வேண்டிய விசையெல்லாம் லிம்புக்குள்ளேயே திரும்பி அடிக்கும்.

மாற்று நாண் வாங்கும்போது கவனம். 62 அங்குல வில்லின் நாண் உண்மையில் 58 அங்குலம் அளவில்தான் இருக்கும். லிம்ப் நுனி பலப்படுத்தியது என்று உறுதியாகத் தெரியாதவரை பாலியஸ்டர் நூலான டேக்ரான் நாணோடு நில்லுங்கள். நாணுக்கும் கைப்பிடியின் உட்குழிவுக்கும் இடைவெளி ஏழரை அங்குலத்தில் ஆரம்பித்து, நாணை முறுக்கி முறுக்கி எட்டேகால் வரை ஏற்றிப் பாருங்கள். எங்கே சத்தம் அடங்கி, கையில் உதறல் குறைகிறதோ அந்த இடைவெளிதான் உங்கள் வில்லுக்குச் சரி. புது டேக்ரான் முதல் சில நாள் நீண்டுகொண்டே போகும், தினமும் அளக்க வேண்டும்.

சேஜின் அம்பு தாங்கும் திண்டு வெறும் மரமாக வரும். மெல்லிய கம்பளித் துணியோ வெல்க்ரோவின் மெத்துப் பக்கமோ ஒட்டிக்கொண்டு நேரடியாக அதன்மேல் எய்யலாம். அப்படி எய்வதானால் அம்பில் இறகு வேண்டும். இறகுக்குப் பதிலாக ஒட்டும் பிளாஸ்டிக் வேன் திண்டில் பட்டுத் தெறிக்கும். அம்பின் அடியைக் கோக்கும் இடத்தைக் காட்டும் பித்தளை நாக் குறியை, திண்டுக்குச் செங்கோணமாக நாணில் வரும் புள்ளியிலிருந்து அரை அங்குலம் மேலே வைத்து ஆரம்பிக்கலாம்.

வில்லில் மிச்சம் பிடித்து அம்பில் செலவழியுங்கள் என்பது எங்கள் கருத்து. நல்ல அம்பு சுமாரான வில்லைத் தூக்கி நிறுத்தும், தப்பான அம்பு எந்த வில்லையும் கெடுக்கும். 30 முதல் 35 பவுண்டுக்கு 600 அல்லது 700 ஸ்பைன் (அம்பின் விறைப்பைச் சொல்லும் எண்) கார்பன். எண் ஏற ஏற அம்பு நெகிழும். வெட்டாத முழு நீளத்தில் வாங்கி, இறகு ஒட்டாத ஒரு அம்பையும் இறகுள்ள மூன்றையும் பன்னிரண்டு மீட்டரில் எய்து பாருங்கள். வலக்கைக்காரருக்கு இறகில்லாதது இடப்பக்கம் விழுந்தால் அம்பு விறைப்பு, முனையின் எடையைக் கூட்ட வேண்டும். வலப்பக்கம் விழுந்தால் நெகிழ்வு, கால் அங்குலமாக வெட்டிக்கொண்டே வரலாம். கீழே விழுந்தால் நாக் குறி உயரமாக இருக்கிறது. அம்பின் மொத்த எடை பவுண்டுக்கு எட்டு முதல் பத்து கிரெய்ன் (அம்புக்கான சிறிய எடை அளவு) இருந்தால் வில் அமைதியாக இருக்கும். கார்பன் அம்பை ஒவ்வொரு முறை பிடுங்கியதும் காதருகே வளைத்து முறுக்கிப் பாருங்கள். நறநறவென்றால் குப்பையில் போடுங்கள். வெடித்த கார்பன் சிலும்பு கையில் ஏறினால் லேசில் வராது.

இனி ஈரம். சமவெளிக்காரர்கள் எழுதும் அறிவுரை இங்கே பாதிதான் செல்லும். கூடலூர்ப் பக்கம் ஜூன் முதலே ஊறிக் கிடக்கும். குன்னூர், கோத்தகிரிக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் பலம். நனைந்த இறகு ஒட்டிப் படுத்துக்கொள்ளும், அம்பு வால் ஆட்டிக்கொண்டு போகும். இறகுக்கான நீர்விலக்குப் பொடியைக் காய்ந்திருக்கும்போதே தேய்த்து, அம்புக் கூட்டை ஒரு பிளாஸ்டிக் பையால் மூடுங்கள். டேக்ரான் தண்ணீரைக் குடித்தால் கனத்து அம்பு தாழ விழும், மெழுகைத் தாராளமாகப் பூசுங்கள். மர அம்பு மூடுபனியில் கோணிக்கொள்ளும். ஆசைக்கு வைத்துக்கொள்ளலாம், பயிற்சிக்கு வேண்டாம். விரலில் மாட்டும் தோல் டேப் நனைந்தால் நாண் விடுபடுவது கெடும், காய்ந்தது ஒன்று சட்டைப் பையில் இருக்கட்டும். லிம்ப் போல்ட்டில் ஒரு சொட்டு எண்ணெய். நாணை இறக்கி, சுவரில் இரண்டு ஆணி மேல் படுக்கையாக வையுங்கள். குளிர் காயும் கணப்புக்குப் பக்கத்தில் கூடாது, மேட்டுப்பாளைய வெயிலில் பூட்டிய காருக்குள்ளும் கூடாது. சூட்டில் ஒட்டுப் பசை பிரியும்.

பரணில் கிடக்கும் பழைய ஒற்றைத் துண்டு வில்லையும் எடுத்துப் பாருங்கள். கொஞ்சம் பஞ்சை லிம்ப் முழுக்கத் தடவினால், கண்ணுக்குத் தெரியாத ஃபைபர் பிளவில் இழை மாட்டும். மாட்டினால் அதைச் சுவர் அலங்காரமாக்கிவிடுங்கள்.

வைக்கோல் இலக்கு இந்த ஊரில் ஒரு மழைக்குப் பூஞ்சை பிடிக்கும். பெரிய சாக்கில் திருப்பூர் பனியன் வேஸ்ட்டை இறுக்கி அரை மீட்டர் கனத்துக்கு அடைத்தால் மலிவு, அம்பும் இரண்டு விரலில் வரும். சாக்குக்குப் பின்னால் மண் மேடு கட்டாயம். தவறிய அம்பு நூறு மீட்டரைத் தாராளமாகத் தாண்டும், கொழுந்து பறிப்பவர்கள் அங்கேதான் இருப்பார்கள். சரிவில் எய்யும்போது கையை மட்டும் ஏற்றி இறக்காமல் இடுப்பிலிருந்து சாயுங்கள். 30 டிகிரி சரிவில் 30 மீட்டரில் இருக்கும் இலக்குக்கு 26 மீட்டருக்கான குறிதான். ஊட்டி உயரத்தில் காற்று லேசு, அம்பு ஏறிப் போகும் என்பார்கள். 20 மீட்டரில் அதெல்லாம் கண்ணுக்குப் படாது.

வேட்டைப் பேச்சு. 1879-லேயே நீலகிரிக்கென்று வேட்டை விலங்கு, மீன் காப்புச் சட்டம் போட்ட மலை இது. அன்று உரிமத்தோடு சுட்டார்கள். இன்று 1972 வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டைக்குத் தடை, முயற்சியும் வேட்டைக் கணக்கிலேயே சேரும். தோட்டத்தை உழும் காட்டுப்பன்றியும் உங்கள் வில்லுக்கு இலக்கல்ல. முதுமலை மாதிரிச் சரணாலயத்துக்குள் அனுமதியில்லாமல் ஆயுதத்தோடு போவதும் குற்றம். 40, 45 பவுண்ட் மோகமே அமெரிக்காவில் பல மாநிலங்கள் மான் வேட்டைக்குக் குறைந்தபட்ச பவுண்ட் வைத்ததிலிருந்து வந்தது. நமக்கு அந்தக் கட்டாயமே இல்லை. பிளேடு முனை அம்பு, வில்லில் மாட்டும் அம்புக் கூடு, இலைதழை போட்ட சட்டை எதையும் வாங்காதீர்கள். வேட்டையின் கணிப்புச் சுகம் வேண்டுமென்றால் விலங்கு வடிவ ஃபோம் பொம்மைகளை எய்யும் 3டி இருக்கிறது. தூரம் சொல்ல மாட்டார்கள், பேர்போவுக்கு (குறிபார்க்கும் கருவி இல்லாத வில்) 30 மீட்டருக்கு உள்ளே, மதிப்பெண் 11, 10, 8, 5. இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு பொம்மை வாங்கினாலே தனியார் நிலத்தில், சொந்தக்காரரைக் கேட்டுக்கொண்டு, இடம் மாற்றி மாற்றி வைத்து எய்யலாம்.

சேஜில் எங்களுக்குப் பிடிக்காதது கைப்பிடியின் தடிமன். சிறிய உள்ளங்கைக்கு மணிக்கட்டு உள்ளே சுழன்று நாண் முழங்கையை உரசும், கைக்காப்பு இல்லாமல் எடுக்காதீர்கள். இந்தியன் ரவுண்ட் போட்டியில் 30, 50 மீட்டருக்கு எய்யும் மூங்கில் வில்லோடு ஒப்பிட்டால் சேஜ் விலை கூடத்தான், ஆனால் மூடுபனியில் மூங்கில் சோர்ந்துபோகும், ஃபைபர் ஒட்டிய லிம்ப் அப்படியே நிற்கும். 30 பவுண்ட் லிம்ப், ஆறு அம்பு, நாண் ஏற்றும் கயிறு, டேப், கைக்காப்பு, மெழுகு, இறகுப் பொடி: முதல் வருஷத்துக்கு இது போதும். 35-க்குப் போனபின் பழைய லிம்பை விற்காதீர்கள், மழைக்கால இடைவெளிக்குப் பிறகு அதில்தான் மறுபடி ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.