வாரம் 25 மணி நேரம்: வழிகாட்டித் திட்டம் ஒன்றில் என் இரண்டு ஆண்டுகள்

முப்பது வயதைத் தாண்டியபின் கல்லூரிப் படிப்பில் சேர்கிறவர்களுக்கு உள்ளூர் ஆட்களையே வழிகாட்டிகளாக அமர்த்தும் திட்டம் ஒன்றை மதுரையில் ஓர் அறக்கட்டளை நடத்துகிறது. சம்பளம் கிடையாது, போக்குவரத்துச் செலவுக்கு மாதம் 500 ரூபாய். ஓய்வு பெற்ற சப் போஸ்ட்மாஸ்டரான நான் 2024 ஜனவரியில் அதில் சேர்ந்தேன். சேரலாமா என்று நண்பர்கள் சிலர் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன். குறைகளையும் சொல்லப்போவதால் அறக்கட்டளையின் பெயரைத் தவிர்க்கிறேன்.

எனக்கு ஒப்படைக்கப்பட்டவர் 43 வயது அம்மா. ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறார். பிளஸ் டூ முடித்து 25 ஆண்டுகள் கழித்து, 2023 ஜூலைப் பருவத்தில் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.காம். சேர்ந்திருந்தார். நாம் இக்னோ என்று சொல்கிறோமே, அதுதான். முதல் சந்திப்பு நத்தம் சாலையில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில். பையிலிருந்து பாடநூல்களை எடுத்து மேசையில் அடுக்கினார். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. "மூன்று வருடத்தில் முடிக்க வேண்டுமாமே சார், நான் இப்போதே பின்தங்கிவிட்டேன்" என்றார்.

அன்று நாங்கள் பாடத்தைத் தொடவே இல்லை. ஒரு தாளில் கணக்குப் போட்டோம். அந்தப் பி.காம். படிப்புக்கு மொத்தம் 132 கிரெடிட். ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேர உழைப்பு என்பது பல்கலைக்கழகமே வைத்திருக்கும் அளவு. ஆக 3,960 மணி நேரம். மூன்றே ஆண்டில் முடிக்க வாரத்துக்கு 25 மணி நேரத்துக்கு மேல் வேண்டும். காலை ஒன்பதரைக்குக் கடைக்குப் போய் இரவு ஒன்பதுக்குத் திரும்புகிறவர், வாரம் ஒரே நாள் விடுப்பு உள்ளவர், 25 மணி நேரத்துக்கு எங்கே போவார்? ஆனால் அதே படிப்பை ஆறு ஆண்டுகள் வரை நீட்டிக்க விதி இடம் தருகிறது. அப்போது வாரம் 13 மணி நேரத்துக்கும் குறைவு. காலையில் ஒரு மணி, இரவில் அரை மணி, விடுப்பு நாளில் நான்கு மணி. அவருடைய விரலாலேயே எண்ணிப் பார்த்தார். தாளை மடித்துப் பர்சில் வைத்துக்கொண்டார். இப்போதும் அது அந்தப் பர்சில்தான் இருக்கிறது.

அறக்கட்டளையின் துண்டறிக்கை "மூன்றே ஆண்டில் பட்டதாரி" என்று பெரிய எழுத்தில் சொல்கிறது. இதுதான் அவர்கள்மீது எனக்குள்ள முதன்மையான வருத்தம். மூன்று ஆண்டில் முடிக்காதவரை அவர்களுடைய பதிவேடு "இடைநின்றவர்" என்று குறிக்கிறது. ஆறு ஆண்டுகள் என்பது சலுகை இல்லை, இப்படிப்பட்டவர்களுக்காகவே வைத்த காலம். உழைத்துக்கொண்டே படிக்கும் மனிதரை அந்தச் சொல்லால் குறிப்பது அநியாயம் என்று இரண்டு முறை கடிதம் எழுதியிருக்கிறேன். பதிவேடு மாறவில்லை.

பாடநூல் ஆங்கிலத்தில். அவர் படித்ததெல்லாம் தமிழ் வழி. நிதிநிலைக் கணக்கியல் தாளில் 'டிப்ரிசியேஷன்' என்ற பாடம் வந்ததும் முகம் சுருங்கிவிட்டது. "கடைக்கு டெலிவரி வேன் இருக்கிறதா?" என்று கேட்டேன். இருக்கிறது, வாங்கி நான்கு ஆண்டுகள் ஆகிறது என்றார். "இன்றைக்கு விற்றால் வாங்கிய விலை கிடைக்குமா?" "பாதிகூட வராது சார்." "போன பாதியை எங்கே எழுதுகிறீர்கள்?" சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, ஒவ்வொரு மார்ச் மாதமும் ஆடிட்டர் அலுவலகத்தில் சொல்லும் ஒரு தொகையைக் கழித்துப் போடுவதாகவும், ஏன் என்று இத்தனை ஆண்டுகளில் யாரும் சொன்னதில்லை என்றும் சொன்னார். தேய்மானம். சொல் தமிழில் விழுந்ததும் அதைக் கணக்கிடும் நேர்கோட்டு முறை, குறைந்து செல் மதிப்பு முறை இரண்டையும் அவரே வேன் கணக்கை வைத்துப் போட்டுக் காட்டினார். எனக்குக் கணக்கியல் தெரியாது. அவருக்குத் தெரிந்திருந்தது, அது தனக்குத் தெரியும் என்பது மட்டும் தெரியாமல் இருந்தது. அன்றிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதி, எதிரே தமிழ்ச் சொல்லையும், அதற்கும் எதிரே கடையில் அது எங்கே வருகிறது என்பதையும் குறித்துவருகிறோம். லெட்ஜர், பேரேடு, பீரோவில் இரண்டாம் தட்டு. இப்படி.

இந்த இடத்தில் அறக்கட்டளையைப் பாராட்ட வேண்டும். எனக்குத் தெரியாத பாடத்துக்கு என்னைப் பொறுப்பாக்கவில்லை. ஓய்வு பெற்ற வணிகவியல் ஆசிரியர் ஒருவரை ஏற்பாடு செய்திருக்கிறார்கள். சனிக்கிழமை மாலை ஆறு முதல் எட்டு வரை யார் அழைத்தாலும் தொலைபேசியில் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கிறார். வழிகாட்டியையும் மாணவரையும் மூன்று கிலோமீட்டருக்குள் இருப்பவர்களாகப் பார்த்துச் சேர்க்கிறார்கள். பெண் மாணவர்களிடம் வழிகாட்டி ஆணா பெண்ணா என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறார்கள். தேர்வுக் கட்டணத்தை அவர்களே செலுத்துகிறார்கள்.

ஆனால் பயிற்சி? ஒரே நாள், ஆறு மணி நேரம். தன்னம்பிக்கை பற்றி மூன்று பேர் பேசினார்கள். வீட்டிலிருந்து எழுதிக் கொடுக்கும் ஒப்படைப்புகளுக்கு (அசைன்மென்ட்) 30 விழுக்காடு, பருவத் தேர்வுக்கு 70 விழுக்காடு, இரண்டிலும் தனித்தனியாக 35 விழுக்காடு எடுத்தால்தான் தேர்ச்சி என்பதை ஒருவரும் சொல்லவில்லை. ஜூனில் ஒரு தேர்வு, டிசம்பரில் ஒரு தேர்வு. இரண்டுக்கும் மாதக்கணக்கில் முன்னதாகவே விண்ணப்பம் தொடங்கிவிடும். தவறவிட்டால் தாமதக் கட்டணம், அதையும் தவறவிட்டால் ஆறு மாதம் போயிற்று. பயிற்சியில் சொல்லித்தந்திருக்க வேண்டியது இவற்றைத்தான். முந்தைய அணியில் இருந்த ஒரு வழிகாட்டி மதியச் சாப்பாட்டின்போது இவற்றை ஒரு பக்கத்தில் கைப்பட எழுதிக் கொடுத்தார். அந்த நாளில் எனக்குக் கிடைத்த பயனுள்ள பொருள் அது ஒன்றுதான்.

அந்தப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு வரி இருந்தது: "முதல் ஆண்டுத் தாள்களில் தேறாவிட்டாலும் இரண்டாம் ஆண்டுக்குப் பதிவு செய்துவிட வேண்டும்." பள்ளிப் பழக்கத்தில் எல்லோரும் முடிவு வரட்டும் என்று காத்திருக்கிறார்கள். இக்னோவில் அப்படிக் காத்திருக்கத் தேவையில்லை. எங்கள் அணியில் இருவர் காத்திருந்தே ஒரு பருவத்தை இழந்தார்கள். அஞ்சலகச் சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து எத்தனையோ பேருக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தவன் நான். ஒரு படிவம் ஒரு மனிதரை எவ்வளவு சிறுமைப்படுத்தும் என்று எனக்குத் தெரியும். ஒப்படைப்பைக் கொடுக்கும்முன் ஒரு நகல், கொடுத்தபின் கையொப்பத்துடன் ஒரு ரசீது, இரண்டும் ஒரே கோப்பில். இதை முதல் நாளே பழக்கிவிட வேண்டும். பாடநூல் தொலைந்தால் கவலை வேண்டாம். இக்னோவின் இ-ஞான்கோஷ் இணையதளத்தில் அவை இலவசமாகவே கிடைக்கின்றன.

இன்னொரு மனத்தாங்கல். மாதந்தோறும் அறக்கட்டளையின் பதாகைக்கு முன் மாணவரோடு நின்று படம் எடுத்து அனுப்பச் சொல்கிறார்கள். அந்த அம்மா படிப்பதைக் கடையில் சொல்லவில்லை. கல்லூரியில் படிக்கும் மகளிடம்கூட முதல் ஆண்டு முழுவதும் சொல்லவில்லை. "தேறாமல் போனால் அவள் முகத்தில் எப்படி விழிப்பேன்?" என்று கேட்டவரைப் பதாகைக்கு முன் எப்படி நிறுத்துவது? நான் படம் அனுப்பவில்லை. நான்கு மாதங்கள் என் போக்குவரத்துப் பணம் நின்றது. பணம் பெரிதில்லை, படம் வராததற்குக் காரணம் என்ன என்று ஒருவராவது கேட்டிருக்கலாம்.

இடையில் வேறொருவரையும் அனுப்பினார்கள். 36 வயது லாரி மெக்கானிக், பத்தாம் வகுப்போடு நின்றவர். நேரடியாகப் பட்டம் வாங்கி அரசு வேலைக்குப் போகலாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். பத்தும் பன்னிரண்டும் முறையாகத் தேறாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பெற்ற பட்டத்தை அரசுப் பணிக்கு ஏற்பதில்லை என்று 2009இலேயே தமிழக அரசு ஆணையிட்டிருக்கிறது. இதை அவரிடம் சொல்வதற்கு எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. சொன்னதும் எழுந்து போய்விட்டார். இரண்டு மாதம் கழித்துத் தனித்தேர்வராகப் பிளஸ் ஒன் எழுத விண்ணப்பம் எங்கே கிடைக்கும் என்று கேட்டு அழைத்தார். அறக்கட்டளையின் கணக்கில் அவர் எங்கும் இல்லை. நான் அவரை இப்போதும் பார்த்துவருகிறேன்.

இந்தத் திட்டத்துக்கு என் மதிப்பெண் என்ன என்று கேட்பவர்களுக்கு: ஐந்துக்கு மூன்று. வாரம் மூன்று மணி நேரம் நிச்சயமாக ஒதுக்க முடிகிறவர்கள், தேதிகளைத் தாங்களே குறித்துவைத்துக்கொள்ளும் பழக்கம் உள்ளவர்கள் தயங்காமல் சேருங்கள். முதுகலைப் பட்டம் தேவையில்லை. அறிவுரை சொல்லும் ஆர்வத்தில் வருகிறவர்கள் தயவுசெய்து வர வேண்டாம். அந்த வயது மாணவர்கள் அறிவுரையைப் போதுமான அளவு கேட்டிருக்கிறார்கள். சேர்ந்தால் ஓராண்டில் விலகாதீர்கள். எங்கள் அணியில் மூன்று வழிகாட்டிகள் பாதியில் நின்றார்கள். அவர்களுடைய மாணவர்களில் ஒருவர்கூட அடுத்த தேர்வுக்கு விண்ணப்பிக்கவில்லை.

அம்மா இதுவரை ஒன்பது தாள்கள் தேறியிருக்கிறார். 2024 ஜூனில் இரண்டு, டிசம்பரில் மூன்று, 2025 ஜூனில் நான்கு. கணக்கியலில் தேறிய முடிவு வந்த இரவு மகளிடம் சொல்லிவிட்டார். இப்போது அடுத்த தாளின் ஒப்படைப்பை எழுதும்போது மகள் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துப்பிழை பார்க்கிறாள். சென்ற ஞாயிற்றுக்கிழமை நூலகத்துக்கும் கூடவே வந்திருந்தாள்.